முதலாளி மேல் முறையிடுவது பாவமா?

சில காலத்துக்கு முன், ஞாயிறு பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது ஒரு தாய் என்னை அணுகினார். அவருடைய மகள் பட்டினத்துப் புடவைக் கடையொன்றில் 11 ஆண்டுகள் வேலை செய்தவள். திருமணம் நிச்சயமாகி அவள் வேலையை விட்டபோது, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து கிடைக்கும் பணத்தையே குடும்பத்தவர் நம்பியிருந்தனர். விசாரித்துப் பார்த்ததில், அவளுடைய பெயரில் ஒரு சதமேனும் கட்டப்படவில்லை என்று தெரிய வந்தது. ஆனால் மாதந்தோறும் அவளுடைய சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதம் மட்டும் தவறாமல் கழிக்கப்பட்டு வந்திருக்கிறது.

"முதலாளி எங்கட பங்கு ஆள்தான். பெருநாளுக்கு எல்லாருக்கும் உடுப்பு எடுத்துத் தாறவர். கோயில் கொடியேற்றத்துக்கும் அவர்தான் செலவு செய்யிறவர். அவர் மேல லேபர் கந்தோருக்கு எழுதினால் பாவமில்லையோ?" என்று அந்தத் தாய் கேட்டார்.

"பாவமில்லை, அம்மா" என்று ஒரே வார்த்தையில் மறுமொழி சொன்னேன். அவருடைய முகத்தில் அமைதி வரவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழு மறுமொழியை இங்கே எழுத விரும்புகிறேன். அது அவருக்கு மட்டுமன்றி, அந்த முதலாளிக்கும், வேலை கொடுத்தும் வேலை செய்தும் வாழும் நம் எல்லோருக்கும் உரியது.

தருமமும் நீதியும்

அந்தத் தாயின் மனக்குழப்பத்துக்குக் காரணம், வெவ்வேறான இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டமையே. பெருநாள் உடுப்பு தருமக் கணக்கைச் சேர்ந்தது. கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிடில் விடலாம். சம்பளமும் சேமலாப நிதியும் நீதிக் கணக்கைச் சேர்ந்தவை. இங்கே கொடுப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை. அது ஏற்கெனவே மற்றவருடைய பொருள்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டியது 8 வீதம், அதாவது 2,400 ரூபா. முதலாளி தம் கையிலிருந்து சேர்க்க வேண்டியது 12 வீதம், அதாவது 3,600 ரூபா. இரண்டும் சேர்ந்து மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. பதினொரு வருடத்துக்கு, வட்டியைச் சேர்க்காமலே 7,92,000 ரூபா. இவற்றைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் செலுத்த வேண்டிய 3 வீதமும் உண்டு. பதினொரு பெருநாள் உடுப்புகளின் விலையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், யார் யாருக்கு உபகாரம் செய்திருக்கிறார் என்பது விளங்கும்.

கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்கு முன் கொடுத்துவிடும்படி உபாகமம் கட்டளையிடுகிறது. அயலானின் பிழைப்பைப் பறிப்பதை அவனைக் கொல்வதற்குச் சமமாகச் சீராக் ஆகமம் கூறுகிறது. அறுவடை செய்தோருக்குக் கொடாமல் நிறுத்தி வைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்றும் யாகப்பர் தமது நிருபத்தில் செல்வந்தரை எச்சரிக்கிறார். நாம் சிறுவயதில் மனனம் செய்த ஞானோபதேசத்திலும், வானத்தை நோக்கிக் கூவும் பாவங்களுள் கூலிக்காரருக்குக் கூலி கொடாமை கொலைபாதகத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையை ஒப்புவித்தபோது நம்மில் எத்தனை பேர் நமது கடையையும் கணக்குப் புத்தகத்தையும் நினைத்தோம்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில் இதைத் தெளிவாக்கியது. முதலில் நீதியின் கடனைத் தீர்க்க வேண்டும். நீதியாகக் கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையைப் போலக் காட்டிக் கொடுக்கலாகாது என்பது அதன் போதனை. அப்படியானால் கொடியேற்றத்துக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதி யாருடையது என்ற கேள்வியை அந்த முதலாளி தம் மனச்சாட்சியிடம் கேட்கத்தான் வேண்டும்.

சம்மதித்தாள் என்பது போதுமா?

"அவள் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தாள்? முழுச் சம்பளத்தையும் கையில் தாருங்கள், நிதி எதுவும் வேண்டாம் என்று சில பிள்ளைகள் தாமாகவே கேட்கிறார்களே?" என்று தொழில் தருநர் பலர் சொல்வதுண்டு. இதை நாம் அசட்டை செய்துவிட முடியாது. ஒப்பந்தத்தைக் காப்பதும் ஒரு நீதிதான். திராட்சைத் தோட்டத்து உவமையில் வரும் தலைவனும், பேசிய கூலியை மாலையில் முதல் ஆளுக்குக் குறையாமல் கொடுக்கிறான்.

ஆனால் ஒப்பந்தமே நீதியின் கடைசி எல்லையன்று. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இதைத்தான் போதித்தது. இருவர் செய்துகொள்ளும் பேரத்துக்கு முன்னரே, அதனிலும் வலிமையான இயற்கை நீதி ஒன்று உண்டு. தேவையின் நெருக்கடியாலோ பயத்தாலோ ஒருவன் குறைந்த கூலிக்கு இணங்கினால், அவன் பலாத்காரத்துக்கு ஆளானவனே என்பது அவருடைய வாதம். இன்றைய பாப்பரசர் 2025இல் 14ஆம் சிங்கராயர் என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் கூறினார்.

நமது நாட்டுச் சட்டமும் இதே தடத்தில் செல்வதைக் காணும்போது வியப்பாயிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் தொழில் நியாய சபைகள் தோன்றின. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் அங்கே முறையிடலாம். அச்சபை வழங்க வேண்டியது நீதியும் நேர்மையுமான கட்டளை. வேலை ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக எது எழுதப்பட்டிருந்தாலும், நிவாரணம் வழங்க அதற்கு அதிகாரமுண்டு. ஏழை பசியினால் வைத்த கையொப்பத்துக்கு மேலாக நீதி நிற்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. சேமலாப நிதியும் அத்தகையதே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது இரு தரப்பினரும் பேசி விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளன்று. ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கும் கடைக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு.

சின்னப்பர் சொன்னது என்ன?

இனி, அந்தத் தாயின் கேள்வியில் இருந்த பயத்துக்கு வருவோம். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஒருவர் மேலொருவர் வழக்காடியதைச் சின்னப்பர் கண்டித்தார். வழக்குக்குப் போவதைவிட அநீதியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். இந்த வசனத்தை எடுத்துக்காட்டி, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டாமா? நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதுவும் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்று அங்கே அவர் வஞ்சித்தவர்களைச் சாடுகிறார். கண்டனம் வழக்குத் தொடுத்தவனோடு முடிந்துவிடவில்லை. வழக்குக்குக் காரணமானவனையும் அது விடவில்லை.

அதே சின்னப்பர், தமக்கு அநீதி நேர்ந்தபோது தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துரைத்தார். இறுதியில் செசாரின் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார். மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன நம் ஆண்டவரும், குருவின் சேவகன் தம்மை அறைந்தபோது, நான் பேசியது சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நியாயம் கேட்டதை அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார். அவர் திருப்பி அடிக்கவில்லை. அடித்தது சரியென்று ஒப்புக்கொள்ளவுமில்லை.

தனக்கு மட்டும் உரியதை ஒருவர் மனமாரத் துறந்தால் அது புண்ணியமாகலாம். ஆனால் அந்தக் கடையில் இன்னும் பல பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். இவளுடைய மௌனம் அவர்களுடைய பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாகும். அது முதலாளியின் ஆத்துமத்துக்கும் நன்மை செய்யாது. பயத்தினால் பேசாதிருப்பதைத் தாழ்ச்சி என்று நாம் அழைக்கலாகாது. பழிவாங்கும் நோக்கமும் பொய்யும் கலவாமல், உரியதைக் கேட்டு முறையிடுவது பாவமன்று. சில வேளைகளில் அது கடமையாகவும் ஆகிறது.

எந்த வழியில் செல்வது?

வழியையும் சுவிசேஷமே காட்டுகிறது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே சென்று பேச வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிச் செல்ல வேண்டும். அதன் பின் சபையிடம் கூற வேண்டும் என்பது மத்தேயு சுவிசேஷத்தில் ஆண்டவர் தரும் ஒழுங்கு. முதலில் முதலாளியிடமே கணக்குக் கேளுங்கள். பிறகு நேர்மையான பெரியவர் ஒருவரையோ பங்குத் தந்தையையோ கூட்டிச் செல்லுங்கள். பலன் இல்லையேல் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். அங்கே முறைப்பாடு செய்யச் சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. கட்டப்படாத சேமலாப நிதியை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடவும், தேவையானால் நீதவான் நீதிமன்றம் வரை செல்லவும் தொழில் ஆணையாளருக்கு அதிகாரமுண்டு. வழக்காட வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தொழிற்சங்கத்தில் அங்கத்தவராயிருப்போருக்காகச் சங்கமும் தொழில் நியாய சபையில் நிற்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் தொழில் நியாய சபைக்கு 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "பார்ப்போம், பெருநாள் கழியட்டும், பேசித் தீர்ப்போம்" என்று சமாதானப் பேச்சை இழுத்தடித்து, அந்த ஆறு மாதத்தையும் கழித்துவிடுவோர் உண்டு. அதற்குப் பெயர் சமாதானமன்று. நடுவராக நிற்கும் பெரியவர்களும் குருக்களும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்மை அறியாமலே அநீதிக்குக் கால அவகாசம் வாங்கிக் கொடுத்தவர்களாகிவிடலாகாது.

தொழில் தருநரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

சட்ட ஆலோசனை ஊழியருக்கு மட்டும் உரியதன்று. இரண்டு பேரை வைத்துச் சிறு கடை நடத்துபவருக்குத் தம் கடமைகள் தெரியாமலிருக்கலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் தாமே உண்ணாமல் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த சிறு முதலாளிகளும் உண்டு. எல்லா முதலாளியும் வஞ்சகர் என்பது எம் வாதமன்று. ஆகவே தெரிந்தவரிடம் கேளுங்கள். ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதிலேதான் உங்கள் மனச்சாட்சி வெளிப்படுகிறது.

"நான் என்ன கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் சட்டத்தரணியைக் கேட்கிறார். "எதைக் கொடுக்காமல் தப்பலாம்?" என்று இன்னொருவர் கேட்கிறார். ஓர் உதாரணம் தருகிறேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் 5 ஆண்டுகள் சேவை செய்தவருக்கு, ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் கொடுக்கும்படி பணிக்கிறது. மாதச் சம்பளம் பெறாதவருக்கு அது 14 நாட் சம்பளம். 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டமும் 15 என்ற அதே எண்ணை எல்லையாகக் கொண்டது. அத்தகைய இடத்தில், ஒழுக்கக் குற்றம் இன்றி ஒருவரை நீக்குவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இதை அறிந்து, இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் பதினான்கு பேரை மட்டும் பதிவில் காட்டுபவர் உண்டு. பதிவிலில்லாத அந்த ஆறு பேரும் மாலையில் வீட்டுக்குப் போகும்போது பசியோடுதான் போகிறார்கள். சட்டத்தை ஏமாற்றலாம், ஆண்டவர் தலை எண்ணும்போது இருபது என்றே எண்ணுவார்.

ஊழியர் தவறு செய்தால் நீக்கவே கூடாதா? நீக்கலாம். ஆனால் விசாரியாமல் நீக்கலாகாது. என்ன குற்றம் என்று எழுத்தில் கேட்டு, மறுமொழி பெற்று, நடுநிலையான ஒருவரைக் கொண்டு விசாரித்து, அதன் பின் முடிவு செய்யுங்கள். ஒரு மனிதனைக் கேட்டறியுமுன் நமது சட்டம் தீர்ப்பிடுமோ என்று சங்கத்தார் நடுவே நிக்கொதேமு கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆதாமின் குற்றத்தை அறிந்திருந்த தேவனும், தண்டிக்குமுன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

சட்டத்தரணிகளாயுள்ள நம் சகோதரருக்கு இவோ என்னும் புனிதரை நினைவூட்டலாம். பிரான்சு தேசத்துப் பிரித்தானிப் பகுதியில் குருவாகவும் நீதிபதியாகவும் வாழ்ந்து 1303இல் மரித்தவர் அவர். ஏழைகளுக்காகக் கூலியின்றி வாதாடியமையால் சட்டத்தரணிகளின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார்.

ஊழியரின் பங்கு

உரிமையைக் கேட்பவர் கடமையிலும் குறையற்றவராயிருக்க வேண்டும். செய்யாத மேலதிக நேரத்துக்குச் சம்பளம் கேட்பதும், அறிவித்தல் கொடாமல் நின்றுவிடுவதும், நீதி மன்றில் இல்லாததை இட்டுக்கட்டிக் கூறுவதும் களவும் பொய்ச்சாட்சியுமே. முதலாளியின் வேலை நேரத்தை வீணாக்குபவனும் பிறர் பொருளைத்தான் எடுக்கிறான்.

அதே வேளை, அறியாமை ஒரு புண்ணியமன்று. கடை, காரியாலய ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் பெற உங்களுக்கு உரிமையுண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் இடாதீர்கள். சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று பதினோராம் வருடத்தில் அல்ல, முதல் வருடத்திலேயே விசாரியுங்கள். தாய்மாருக்கு உரிய 84 நாள் பிரசவ விடுமுறை, 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளைக்கும் உண்டு. அதற்கு முன் மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாட்களே கிடைத்தன. பிள்ளைகளைத் தேவ கொடையாக ஏற்கும் நமது குடும்பங்கள் இந்த மாற்றத்தை அறிந்திருப்பது நன்று.

நமது வீடும் நமது ஆலயமும்

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டுக் குசினியையும் பார்ப்போம். 2016இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டபோது, வீட்டுப் பணியாளர் அதன் பாதுகாப்புக்கு வெளியே விடப்பட்டனர். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மனச்சாட்சியும் விட்டுவிடலாமா? நம் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் அந்தப் பெண்ணுக்கு ஓய்வு நாள் உண்டா? அவளுடைய முதுமைக்கென ஏதும் சேர்த்து வைக்கிறோமா?

திருச்சபையும் ஒரு தொழில் தருநர்தான். கோயிற் பணியாளர், குருமனைச் சமையற்காரர், பாலர் பாடசாலை ஆசிரியைகள் எனப் பலர் அதனிடம் சம்பளம் பெறுகிறார்கள். 1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேச முன்வருபவர் முதலில் தாமே பிறர் கண்ணுக்கு நீதியுள்ளவராய் இருக்க வேண்டும் என்றது. திருச்சபையில் பணிபுரிவோருக்குப் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றும் கூறியது. கோயிற் கணக்குப் பார்க்கும் சபையினர் இதை ஒரு தடவையாவது தமது கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்களாக.

அன்பார்ந்த வாசகர்களே, காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார். அதற்கு அடுத்தபடியாகவே, நீதிபதியிடம் போகும் வழியிலேயே எதிராளியோடு இணங்கிக்கொள் என்றும் சொன்னார். பீடத்தையும் நீதிமன்றத்தையும் அவர் அடுத்தடுத்து வைத்தார். முந்தியதில் செய்ய வேண்டியதைச் செய்திருந்தால், பிந்தியதற்குப் போக வேண்டியிராது.

அந்தத் தாய் இதை வாசித்தால் அமைதியாய் உறங்கட்டும். அவருடைய மகள் எழுத வேண்டியதை எழுதட்டும். அந்த முதலாளி இதை வாசித்தால், கடிதம் வந்து சேருமுன்பே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அவளுக்குரியதைச் சேர்த்து வைக்கட்டும். அடுத்த பெருநாளில் அவர் கொடுக்கும் உடுப்பு, அப்பொழுதுதான் உண்மையான அன்பளிப்பாக இருக்கும்.